ஒரு வயசுலேர்ந்து டிவி பாத்த புள்ளைக்கு பின்னாடி படிப்பு ஏறாதா?

நீங்க கேட்டது இது தான்: பொண்ணுக்கு மூணரை வயசு, ஒரு வயசுலேர்ந்து டிவி போட்டா தான் வாய தொறப்பா, நீங்க வேலைக்கு போனதுக்கப்புறம் மாமியார் வீட்ல காலைல பதினொரு மணிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சீரியல் ஓடிட்டே இருக்கும், இப்போ யாரோ ஃபேமிலி குரூப்ல "சின்ன வயசு டிவி மூளைய சுருக்கிடும்"னு ஒரு வீடியோ அனுப்பிட்டாங்க, இது நெஜமா, பின்னாடி படிப்பு, கவனம், புத்தி எல்லாம் அடி வாங்குமா. எழுதுனது இப்படி இருந்தாலும் உள்ள இருக்கிற கேள்வி வேறன்னு எனக்கு தோணுது. நடந்தது நடந்து போச்சு, எம் புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிட்டேனா, இனிமே சரி பண்ண முடியுமா, அதானே? ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பதினாறு வருஷமா ரெண்டுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் இருக்கிற புள்ளைங்களோட தரையில உக்காந்து தான் பொழப்பு ஓடுது. மூளைய ஆராய்ச்சி பண்றவ கிடையாது, ஸ்கேன் பாத்து சொல்ற டாக்டரும் கிடையாது. இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடறேன், எங்கிட்ட வர்றது பூரா பேச்சு வரலைன்னு கூட்டிட்டு வர்ற புள்ளைங்க, டிவியும் பாத்துட்டு நல்லாவும் வளந்த புள்ளைங்க என் வாசப்படியே மிதிக்காது, அதனால என் அனுபவத்த மட்டும் வச்சு "டிவி தான் எல்லாத்துக்கும் காரணம்"னு நான் சொன்னா, அது பஞ்சர் கடைக்காரர் ஊர்ல இருக்கிற டயரெல்லாம் ஓட்டைன்னு சொல்ற கதை தான். அதுக்காகவே ஆராய்ச்சி கட்டுரைகளையும் தேடி படிக்க ஆரம்பிச்சேன்.

இந்த பயம் பெருசா கிளம்புனது 2004ல. அமெரிக்கால சியாட்டல் ஊர்ல இருக்கிற டிமிட்ரி கிறிஸ்டாகிஸ்னு ஒரு குழந்தை டாக்டரும் அவரோட குழுவும் ஒரு கட்டுரை போட்டாங்க. சுமார் 1300 அமெரிக்க புள்ளைங்க, ஒரு வயசுலயும் மூணு வயசுலயும் எவ்ளோ நேரம் டிவி பாத்தாங்கன்னு அம்மாக்கள் சொன்ன கணக்கு, அதே புள்ளைங்க ஏழு வயசுல ஒரு எடத்துல கவனமா இருக்காங்களான்னு மறுபடியும் அம்மாக்களே சொன்ன பதில். தினம் ஒரு மணி நேரம் கூடுனா கவனப் பிரச்சினைக்கான வாய்ப்பு ஒரு 9% கூடுதுன்னு வந்துச்சு. ரெண்டு பக்கமும் வாய்க்கணக்கு தான், எந்த டாக்டரும் புள்ளைய உக்கார வச்சு டெஸ்ட் பண்ணல, கட்டுரை எழுதுனவங்களே இத டிவி தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாதுன்னு எழுதியிருந்தாங்க, ஆனா செய்தி பரவும்போது அந்த வரி மட்டும் காணாம போயிடும்ல. அப்புறம் 2010ல ஃபாஸ்டர், வாட்கின்ஸ்னு ரெண்டு பேர் அதே டேட்டாவ எடுத்து திரும்ப கணக்கு போட்டாங்க. நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல பாத்த புள்ளைங்க கிட்ட மட்டும் தான் அந்த தொடர்பு தெரிஞ்சுது, அம்மாவோட படிப்புத் திறனையும் வீட்டு வறுமையையும் கணக்குல சேத்ததும் அதுவும் கரைஞ்சு போச்சு. 2021ல இன்னொரு குழு அதே டேட்டாவ 848 விதமா அலசி பாத்தாங்க, அதுல அஞ்சுல ஒரு பங்கு விதத்துல தான் கெடுதல்னு வந்துச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, டிவி நாள் பூரா ஓடுற வீடும் ஓடாத வீடும் டிவில மட்டும் வித்தியாசப்படறதில்ல. ஒரு வீட்ல அம்மா ரெண்டு ஷிப்ட் வேலைக்கு போறாங்க, வெளிய விளையாட எடமில்ல, பாட்டிக்கு முழங்கால் வலி, துறுதுறுன்னு ஓடுற புள்ளைய புடிக்க ஆளில்ல, அப்போ டிவி ஓடும். அதோட இது தலைகீழாவும் நடக்கும், ஏற்கனவே அடங்காத புள்ளைக்கு தான் வீட்ல டிவிய போட்டு அடக்குவாங்க. ஏழு வயசுல அந்த புள்ள கிளாஸ்ல உக்காரலைன்னா அது டிவியால வந்ததா, டிவி போட வச்ச அந்த குணத்தால வந்ததா? புள்ளைங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு அஞ்சு வருஷம் டிவி போடு, இன்னொரு பாதிக்கு போடாதேன்னு எந்த ஆராய்ச்சியாளரும் சொல்ல முடியாது. அதனால வரலாறுல தானா நடந்த பரிசோதனைய தான் தேடணும்.

அப்படி ஒண்ணு நெஜமாவே இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது. அமெரிக்கால 1948 செப்டம்பர்லேர்ந்து 1952 ஏப்ரல் வரைக்கும் புது டிவி ஸ்டேஷனுக்கு அரசு லைசென்ஸே குடுக்கல, அலைவரிசை ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு நிறுத்தி வச்சிட்டாங்க. அதுக்கு முன்னாடி லைசென்ஸ் வாங்கி வச்சிருந்த ஊர்ல எல்லாம் டிவி வந்துடுச்சு, கொஞ்சம் லேட்டான ஊரெல்லாம் 53, 54 வரைக்கும் காத்திருந்துச்சு. ஆக, ஒரே வயசு புள்ளைங்க, ஒருத்தன் தவழற வயசுலேர்ந்து டிவி இருக்கிற ஊர்ல வளந்தான், இன்னொருத்தன் ஸ்கூல் போற வரைக்கும் டிவிய பாக்கவே இல்ல, இதுல வீட்டுக்காரங்க முடிவு எதுவும் கிடையாது. 1965ல கோல்மன்னு ஒரு சமூகவியலாளர் தலைமைல நாடு பூரா ஸ்கூல் புள்ளைங்களுக்கு டெஸ்ட் வச்சாங்க. ஜென்ட்ஸ்கோ, ஷபிரோன்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க இந்த ரெண்டையும் கோத்து 2008ல ஒரு கட்டுரை போட்டாங்க. சின்ன வயசுல டிவி இருந்த புள்ளைங்க மார்க் குறையல. சராசரியா ஒரு இம்மி கூட தான் இருந்துச்சு, இருக்குன்னு சொல்றதுக்கே வெக்கப்படற அளவு இம்மி. ஆனா உள்ள போய் பாத்தா, வீட்ல இங்கிலீஷ் பேசாத குடும்பம், அம்மா அதிகம் படிக்காத குடும்பம், இந்த மாதிரி வீட்டு புள்ளைங்களுக்கு டிவி கொஞ்சம் நல்லதே பண்ணியிருக்கு.

இத படிச்சப்போ எனக்கு தோணுனது, டிவி ஒரு வீட்ல எதோட எடத்த புடிக்குதுங்கிறது தான் விஷயம். வீட்ல அதிகம் பேச்சே இல்லாத எடத்துல டிவி வந்தா காதுக்கு நாலு வார்த்தை கூட விழும், கதை சொல்லி பாட்டு பாடி வளக்குற ஆளு இருக்கிற எடத்துல டிவி வந்து உக்காந்தா அந்த ஆளு வாய மூடிக்கும். இதுக்காக அந்த ஆராய்ச்சிய புடிச்சிக்கிட்டு நாளைக்கே டிவிய ஃபுல் வால்யூம்ல வெச்சிடாதீங்க. 1950கள் டிவி வேற, இருபத்திநாலு மணி நேரமும் ஓடுற டிவி வேற, அதுவும் இல்லாம அந்த ஆராய்ச்சி ரெண்டு வயசுக்கு கீழ உள்ளவங்கள தனியா பிரிச்சு பாக்கல. நம்ம ஊர்லயும் 2006லேர்ந்து இலவச கலர் டிவி கட்டம் கட்டமா தான் குடுத்தாங்க, எந்த ஊருக்கு எப்போ வந்துச்சுன்னு அரசாங்க ரெக்கார்ட் இருக்கும், அப்போ தவழ்ந்த புள்ளைங்க இன்னிக்கு காலேஜ்ல இருக்கும், யாராவது பிஎச்டி தலைப்பு தேடிட்டு இருந்தா இத எடுத்துக்கலாம்.

இனி எதுல எனக்கு சந்தேகமே இல்லையோ அதுக்கு வரேன். ரெண்டு வயசுக்கு கீழ இருக்கிற புள்ள டிவிலேர்ந்து பேச்சு கத்துக்கிறது ரொம்ப ரொம்ப கம்மி. 2003ல பட்ரீஷியா கூல்னு ஒரு அம்மாவோட குழு ஒம்போது மாசத்து அமெரிக்க கொழந்தைங்களுக்கு சீன மொழி கேக்க வச்சாங்க, மொத்தம் பன்னெண்டு தடவ, ஒவ்வொண்ணும் அரை மணிக்கு கொஞ்சம் கம்மி. ஒரு குழுவுக்கு சீனாக்காரங்க நேர்ல உக்காந்து பொம்மை காட்டி புக்கு படிச்சாங்க, இன்னொரு குழுவுக்கு அதே ஆளுங்கள வீடியோ எடுத்து டிவில போட்டாங்க. நேர்ல கேட்டதுங்க சீன ஒலிகள பிரிச்சு புடிச்சுதுங்க. டிவில பாத்ததுங்களுக்கு ஒண்ணுமே ஏறல, சீனமே கேக்காத புள்ளைங்க மாதிரி தான் இருந்துச்சுங்க. இன்னொரு சோதனை இருக்கு, பக்கத்து ரூம்ல ஒரு பொம்மைய ஒளிச்சு வைக்கிறத டிவில நேரலையா ரெண்டு வயசு புள்ளைக்கு காட்டி, போய் எடுத்துட்டு வான்னா பெரும்பாலும் தேடி முழிக்கும், அதே காட்சிய ஜன்னல் வழியா பாக்குறோம்னு நம்ப வச்சா நேரா போய் எடுத்துடும். டிவில தெரியறது நெசமாவே பக்கத்து ரூம்ல நடக்குதுங்கிற கணக்கு அந்த வயசுல இன்னும் உக்காரல, ரெண்டரை வயசு ஆகும்போது அது தானா வந்துடுது.

இதுல ஒரு பெரிய வியாபாரமே நடந்துச்சு. பேபி ஐன்ஸ்டீன்னு அமெரிக்கால கைக்குழந்தைங்களுக்குன்னே வீடியோ வித்தாங்க, 2001ல டிஸ்னி அத வாங்குச்சு. 2007ல இந்த மாதிரி வீடியோ பாக்குற எட்டுலேர்ந்து பதினாறு மாச கொழந்தைங்களுக்கு வார்த்தை கம்மியா தெரியுதுன்னு ஒரு கட்டுரை வந்ததும் டிஸ்னி தலைவர் அத எழுதுனவங்களோட யுனிவர்சிட்டிக்கே மறுப்பு போடச் சொல்லி லெட்டர் போட்டாரு, 2009ல பாத்தா வாங்குனவங்களுக்கு காச திருப்பி குடுக்கறோம்னு அவங்களே அறிவிச்சாங்க. உண்மைய சொல்லணும்னா அந்த 2007 கட்டுரையும் பின்னாடி 2014ல மறு கணக்குல ஆட்டம் கண்டுச்சு. ஆனா 2010ல ஜூடி டிலோச்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் செஞ்ச சோதனை நல்லா நிக்குது, ஒரு மாசம் வீடியோ பாத்த கொழந்தைங்க பாக்காத கொழந்தைங்கள விட ஒரு வார்த்தை கூட அதிகமா கத்துக்கல, வீடியோவே இல்லாம அம்மா அப்பா அன்றாடம் பேசும்போது சொல்லிக் குடுத்த கொழந்தைங்க தான் அதிகம் கத்துக்கிச்சு. வேடிக்கை என்னன்னா வீடியோ புடிச்சிருந்த பெத்தவங்க "எம்புள்ள நெறைய கத்துக்கிச்சு"ன்னு அடிச்சு சொன்னாங்களாம்.

எங்கிட்டயும் தினம் இது தான் நடக்குது. போன வருஷம் ஒரு பையன், ரெண்டே முக்கா வயசு. அப்பா பெருமையா "மேடம், ஏ டு இசட் சொல்வான், கலர் பதினஞ்சு தெரியும், விளம்பரம் அப்படியே ஒப்பிப்பான், ஆனா எங்ககிட்ட பேச மாட்டேங்குறான்"னாரு. பையன் நெஜமாவே ஒரு சோப்பு விளம்பரத்த ராகத்தோட முழுசா சொன்னான். நான் தண்ணி பாட்டில அவன் கண்ணுக்கு தெரியற மாதிரி எட்டாத ஒசரத்துல வச்சேன். பாட்டில பாத்தான், அம்மா மணிக்கட்ட புடிச்சு இழுத்துட்டு போய் அந்த கைய பாட்டில் பக்கம் தள்ளுனான். தண்ணின்னு சொல்லல, அம்மா மூஞ்சிய பாக்கவும் இல்ல. பதினஞ்சு கலர் தெரிஞ்ச வாயில ஒரு "தா" கிடையாது. டிவிக்கு நீங்க பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் அது பாட்டுக்கு அடுத்ததுக்கு போயிடும், கேட்டா கெடைக்கும்ங்கிற பாடத்த அது சொல்லிக் குடுக்காது. இதுக்காக தான் துபாய்ல இருக்கிற அப்பாவோட வீடியோ கால் பேசறத நான் டிவி கணக்குல சேக்கறதே இல்ல, அங்க புள்ள சிரிச்சா அப்பாவும் சிரிப்பாரு. ரெண்டு வயசு தாண்டுன புள்ளைங்க நேரடி வீடியோ கால்ல புது வார்த்தை கத்துக்கிச்சு, அதையே ரெக்கார்ட் பண்ணி போட்டா கத்துக்கலைன்னு 2014ல சோதிச்சு பாத்திருக்காங்க.

இப்போ உங்க மாமியார் வீட்டு சீரியலுக்கு வருவோம், எனக்கு புள்ள பாக்குற கார்ட்டூன விட இது தான் கவலை. யாரும் பாக்காம பின்னாடி ஓடுற டிவி. ஒரு தடவ ஒரு வீட்டுக்கு போயிருந்தேன், பாட்டி கட்டில்ல உக்காந்து சீரியல் பாக்குறாங்க, ஒன்றரை வயசு பேத்தி தரையில எவர்சில்வர் டம்ளர அடுக்கிட்டு இருக்கு. ரெண்டு டம்ளர் வைக்கும், டிவில யாரோ கதவ தொறந்ததுக்கு ஒரு இடி மியூசிக் வரும், திரும்பி பாக்கும், ரெண்டே செகண்டு, மறுபடி டம்ளருக்கு வரும்போது எங்க விட்டோம்னு மறந்துடும், தட்டி விட்டுட்டு வேற எதையோ எடுக்கும். அந்த முக்கா மணி நேரத்துல மூணாவது டம்ளருக்கு மேல அது போகவே இல்ல. இதையே 2008ல அமெரிக்கால சோதனையா செஞ்சிருக்காங்க, ஒண்ணுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் அம்பது புள்ளைங்க, அரை மணி நேரம் பெரியவங்க பாக்குற வினாடி வினா ஓடும், அரை மணி நேரம் டிவி ஆஃப். புள்ளைங்க டிவிய பாத்ததே அப்பப்போ சில செகண்டு தான், இருந்தும் டிவி ஓடும்போது ஒரு விளையாட்டுல நிக்கிற நேரம் குறைஞ்சு போச்சு. டம்ளர் அடுக்கறது சும்மா பொழுதுபோக்குன்னு நெனைக்காதீங்க, ஒரு காரியத்துல நின்னு முடிக்கிற பழக்கம் அங்க தான் ஆரம்பிக்குது.

அதுக்கு மேல பெரியவங்க பேச்சு குறையறது. கிறிஸ்டாகிஸ் குழு 2009ல 329 கொழந்தைங்க சட்டையில சின்ன ரெக்கார்டர மாட்டி விட்டு நாள் பூரா பதிவு பண்ணாங்க, டிவி சத்தம் கேக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் புள்ள காதுல விழற பெரியவங்க வார்த்தை சுமார் 770 குறைஞ்சிருந்துச்சு. இது வாய்க்கணக்கு இல்ல, மெஷின் எண்ணுனது, அதனால நான் அதிகம் நம்பறேன். இதுவும் தொடர்பு தானே, காரணம்னு எப்படி சொல்றேன்னு கேட்டா, உங்க வீட்ல நீங்களே சோதிச்சு பாக்கலாம், சீரியல் ஓடும்போது நீங்க எத்தன வாக்கியம் பேசறீங்க, கரண்ட் போனப்புறம் எத்தன பேசறீங்க.

மூணு வயசுக்கு மேல கதை மாறுது. செசமி ஸ்ட்ரீட்னு ஒரு நிகழ்ச்சி 1969 நவம்பர்ல அமெரிக்கால ஆரம்பிச்சுது, ஸ்கூலுக்கு முன்னாடி புள்ளைங்களுக்கு எழுத்து எண் சொல்லிக் குடுக்கன்னே திட்டம் போட்டு செஞ்சது. அப்போ சில ஊர்ல அந்த சேனல் நல்லா தெரியும், சில ஊர்ல ஆன்டெனாவ எப்படி திருப்புனாலும் புள்ளி புள்ளியா தான் வரும். நல்லா தெரிஞ்ச ஊர் புள்ளைங்க பின்னாடி ஸ்கூல்ல பின்தங்காம வயசுக்கேத்த கிளாஸ்ல இருந்தது கொஞ்சம் அதிகம்னு 2019ல ரெண்டு பேர் கணக்கு போட்டு காட்டினாங்க. பெரியவங்களாகி வேலை சம்பளம்னு வரும்போது அந்த நன்மை தெளிவா தெரியலைன்னும் சேத்தே சொன்னாங்க. இந்த பக்கம் 2011ல நாலு வயசு புள்ளைங்க 60 பேருக்கு ஒம்போது நிமிஷம் படு வேகமா ஓடுற கார்ட்டூன் காட்டி உடனே டெஸ்ட் வச்சா, படம் வரைஞ்ச புள்ளைங்கள விட பொறுமை, ஞாபகம் எல்லாம் சொதப்பல். ஆனா அது உடனே வச்ச டெஸ்ட், அதுலேர்ந்து ஆயுசுக்கும் பாதிப்புன்னு தாவ முடியாது. கனடாவோட கியூபெக் மாகாணத்துல ரெண்டரை வயசுல அதிகம் டிவி பாத்த புள்ளைங்க நாலாங்கிளாஸ்ல கணக்குலயும் வகுப்பு ஈடுபாட்டுலயும் கொஞ்சம் பின்தங்கி இருந்தாங்கன்னு 2010ல வந்துச்சு, 1300 புள்ளைங்க. இதெல்லாம் சேத்து பாத்தா என் கணிப்பு இது தான், கணிப்புன்னு தான் சொல்றேன், ரெண்டு வயசுக்கு முன்னாடி பாக்குறதுல லாபம் ஒண்ணுமில்ல, நஷ்டம் இருந்தாலும் சின்னது, அது டிவியோட வெளிச்சத்தால வர்றத விட நடக்காம போன பேச்சாலயும் விளையாட்டாலயும் தூக்கத்தாலயும் வர்றது. மூளைய சுருக்கும்னு அந்த வீடியோக்காரர் சொல்றத தூக்கி போடுங்க.

ரெண்டு வயசு வரைக்கும் டிவி வேண்டாம், அப்புறம் அஞ்சு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல கிட்டத்தட்ட இந்த மாதிரி தான் சொல்லுச்சு, நம்ம ஊர் குழந்தை டாக்டர்கள் சங்கமும் இதே தான் சொல்லுது. அந்த எண் கத்தி வச்சு வெட்டுன கோடு கிடையாது, பாதுகாப்புக்கு போட்ட வேலி. ஒரு மணி பத்து நிமிஷம் ஆச்சுன்னா ஒண்ணும் முழுகிடாது.

இன்னொண்ணு, உங்க கேள்விக்கு கீழ ஒருத்தர் டிவி அதிகம் பாத்தா ஆட்டிசம் மாதிரி வந்துடும், அதுக்கு பேரு "வர்ச்சுவல் ஆட்டிசம்"னு பயமுறுத்தியிருக்காரு. அப்படி ஒரு நோய் டாக்டர்கள் நோய்களுக்கு பேர் வச்சு பட்டியல் போட்ட புத்தகத்துல கிடையாது. ஆட்டிசம் டிவியால வர்றதில்ல. ஆட்டிசம் இருக்கிற புள்ளைக்கு ஆளுங்க மூஞ்சிய விட ஸ்க்ரீன் புடிக்கலாம், அதனால அதிகம் பாக்கலாம், பாக்குறவங்க அத மாத்தி புரிஞ்சுக்குறாங்க. இந்த வார்த்தையால நான் பாத்த கெடுதல் என்னன்னா, டிவிய நிறுத்துனா தானா சரியாயிடும்னு நம்பி ஒரு வருஷம் வீணா காத்திருந்துட்டு, நாலு வயசுல தான் கூட்டிட்டு வர்றாங்க. அதுல சிலருக்கு காதே சரியா கேக்காம இருந்திருக்கும். நானே ஆரம்ப காலத்துல ஒரு பொண்ண டிவி கேஸ்னு முடிவு பண்ணி மூணு மாசம் ஓட்டிட்டேன், அப்புறம் டெஸ்ட் எடுத்தா ரெண்டு காதும் பாதி தான் கேக்குது. அதுலேர்ந்து காது டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம நான் யாரையும் தொடறதில்ல.

உங்க பொண்ணுக்கு என்ன செய்யலாம். சாப்பாட்டு நேரத்து டிவிய ஒரே நாள்ல புடுங்காதீங்க, ரெண்டு நாள் பட்டினி கெடப்பா, மூணாவது நாள் நீங்களே ரிமோட்ட எடுத்து குடுத்துடுவீங்க. காலை வேளை சாப்பாட்டுல மட்டும் முதல்ல நிறுத்துங்க, தட்ட அவ முன்னாடி வச்சு அவளே அளஞ்சு சாப்பிடட்டும், சிந்துனா தொடச்சுக்கலாம். மாமியார் கிட்ட டிவிய நிறுத்துங்கன்னு சொன்னா சண்டை தான் வரும், அவங்களுக்கும் அந்த வீட்ல பேச வேற ஆளில்ல. அந்த டம்ளர் வீட்டு பாட்டி கிட்ட நான் கேட்டது ஒரு மணி நேரம் தான், புடிச்ச சீரியல் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டு சின்ன வெங்காயம் உரிக்கும்போது புள்ளைய பக்கத்துல உக்கார வச்சுக்கங்கன்னேன். தோல ஒரு கிண்ணத்துல, வெங்காயத்த ஒரு கிண்ணத்துல போட சொல்லி பாட்டி பேசிட்டே இருந்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்போ அந்த புள்ள என் மேஜையில இருந்த பென்சில எல்லாம் ஒரு டப்பாக்குள்ள போட்டுட்டு "பாத்தி, போத்தாச்சு"ன்னுச்சு. வயசும் ஏறியிருக்கு, பேச்சு தானா வர்ற காலம் தான், வெங்காயத்தால வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

மூணரை வயசுல இன்னிக்கு என்ன பண்ணேன்னு கேட்டா நாலஞ்சு வார்த்தை சேத்து, கொஞ்சம் குழப்பமாவாவது சொல்றாளா, ஏன் ஏன்னு உங்கள நச்சரிக்கிறாளா, மத்த புள்ளைங்களோட சேந்து சமையல் டாக்டர்னு ஏதாவது நடிச்சு விளையாடறாளா, வெளியாள் கேட்டா அவ பேச்சு பெரும்பாலும் புரியுதா, இதெல்லாம் இருந்தா நீங்க நிம்மதியா தூங்கலாம். இல்லன்னு தோணுனா டிவிய குறைச்சு பாத்துட்டு அப்புறம் போலாம்னு தள்ளாதீங்க, டிவிய குறைங்க, கூடவே காது டெஸ்ட்டும் எடுத்துட்டு பக்கத்துல இருக்கிற தெரபிஸ்ட்ட பாருங்க. போகும்போது அவ வீட்ல விளையாடிட்டே பேசறத அஞ்சு நிமிஷம் போன்ல ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு போங்க, புது எடத்துல புள்ளைங்க வாயே தொறக்காது. ரெக்கார்ட் பண்ணும்போது டிவிய ஆஃப் பண்ணிடுங்க, எனக்கு வர்ற ரெக்கார்டிங்ல பாதில சீரியல் மியூசிக் தான் நல்லா கேக்குது.